தண்டனை ஒருவருக்கு, நட்டம் பக்கத்து வீட்டுக்கு

ஒரு மண்டித் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய மண்டிக்காரர் ஒருவர் அடுத்தவர் கடையை அடித்துப் பிடுங்கிக்கொள்கிறார். வியாபாரிகள் சங்கம் கூடுகிறது. "இனி அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று தீர்மானம் போடுகிறது. தீர்மானம் நியாயமானதுதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த மண்டிக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. மண்டிக்கு வரும் லாரிக்காரர்களும் மூட்டை தூக்குபவர்களும்தான் அந்தக் கடையின் பாதி வியாபாரம். தீர்மானம் வந்த மறுநாளே கல்லா காலி. சங்கத்தில் கை தூக்கிய மற்றவர்களுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. அவர்கள் கடைகள் நான்கு தெரு தள்ளி இருக்கின்றன. டீக்கடைக்காரர் போய் முறையிட்டால் சங்கம் சொல்கிறது: "உங்கள் கஷ்டத்தை எங்களிடம் வந்து சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு."

அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் பால்காரருக்குப் பணம் கொடுக்க முடியுமா?

இந்தக் கதை கற்பனைதான். ஆனால் ஐ.நா. சாசனத்தின் 50-வது பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. பாதுகாப்பு சபை ஒரு நாட்டின் மீது நடவடிக்கை எடுக்கும்போது, அதை நிறைவேற்றப் போய் வேறொரு நாட்டுக்குத் தனிப்பட்ட பொருளாதாரச் சிக்கல் வந்தால், அந்த நாடு தீர்வு பற்றிப் பாதுகாப்பு சபையோடு கலந்து பேசலாம். பேசலாம், அவ்வளவுதான். பணம் தரப்படும் என்றோ, யார் தருவார்கள் என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. தடையை மதித்து நடக்க வேண்டியது கட்டாயம். அதனால் வரும் நட்டத்துக்குக் கிடைப்பது ஒரு நாற்காலியும் ஒரு மைக்கும்!

வேடிக்கை என்னவென்றால், இதற்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கை இந்த விஷயத்தில் ஒரு படி மேலே இருந்தது. அதன் 16-வது பிரிவு, தடையால் வரும் நட்டத்தைக் குறைக்க உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று சொன்னது. 1945-ல் புதிய சாசனம் எழுதியபோது அந்தக் கடமை மெலிந்துவிட்டது. 49-வது பிரிவு, நடவடிக்கைகளை நிறைவேற்றுவதில் பரஸ்பர உதவி வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது. நட்டம் என்று வரும்போது 50-வது பிரிவில் மிஞ்சியது ஆலோசனை மட்டும்தான்.

முதல் அடி வாங்கியது ஜாம்பியா

1965 நவம்பர் 11 அன்று ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. 1966 டிசம்பரில் பாதுகாப்பு சபை அதன் மீது சில பொருள்களுக்கு மட்டும் தடை விதித்தது. ஐ.நா. வரலாற்றில் கட்டாயமாக விதிக்கப்பட்ட முதல் பொருளாதாரத் தடை அது. 1968 மே மாதம் 253-வது தீர்மானத்தின் மூலம் அது முழுத் தடையானது.

பக்கத்தில் இருந்தது ஜாம்பியா. 1964-ல்தான் விடுதலை பெற்ற, கடற்கரையே இல்லாத நாடு. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பிலிருந்து வந்தது. அந்தச் செம்பு ரொடீசியாவின் ரயில் பாதை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். நிலக்கரி ரொடீசியாவின் வாங்கி சுரங்கத்திலிருந்து வந்தது. கரிபா அணை இரு நாட்டுக்கும் பொது என்றாலும் மின் நிலையம் ரொடீசியாவின் கரையில் இருந்தது. பெட்ரோலும் அந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும். 1965 டிசம்பரில் பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெயை நிறுத்தியதும், ரொடீசியா ஜாம்பியாவுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியது. பிறகு பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் விமானங்கள் பீப்பாய்களில் எண்ணெய் கொண்டுவந்து இறக்கின. விமானத்தில் பெட்ரோல் கொண்டுவந்து நாடு நடத்தினால் என்ன செலவாகும்! லாரிகள் டார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஓடிய மண் சாலைக்கு 'நரக ஓட்டம்' என்றே பெயர் வந்தது.

253-வது தீர்மானமே ஜாம்பியாவுக்கு முன்னுரிமை கொடுத்து உதவுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 1973-ல் எல்லை மூடப்பட்ட பின் 329-வது தீர்மானம் மறுபடியும் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்வதோடு சரி. தான்சானியாவுக்கு ஒரு புதிய ரயில் பாதை போட வேண்டும் என்றபோது, மேற்கு நாடுகள் அது லாபம் தராது என்று கை விரித்தன. கடைசியில் சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து, 1970-க்கும் 1975-க்கும் இடையில் 1,860 கிலோமீட்டர் பாதையைப் போட்டுக் கொடுத்தது. வட்டி இல்லை என்றாலும் அது கடன்தான். உலகத்துக்காகப் பட்ட நட்டம், ஜாம்பியாவின் கணக்குப் புத்தகத்தில் பொறுப்புகள் பக்கம் ஏறியது.

ஜோர்டானின் கதை

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. நான்கே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, 661-வது தீர்மானம் வந்தது. ஈராக்கோடு எந்த வணிகமும் கூடாது.

ஜோர்டானுக்கு ஈராக்தான் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தை. எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் லாரிகளில் வந்தது. ஈரான் - ஈராக் போர் நடந்த எட்டு வருடங்களில் ஈராக்குக்கான சரக்கை இறக்கித்தான் அகாபா துறைமுகம் வளர்ந்தது. ஒரே தீர்மானத்தில் இந்த மூன்றும் ஆட்டம் கண்டன. அகாபாவுக்கு வரும் கப்பல்கள் நடுக்கடலில் நிறுத்திச் சோதிக்கப்பட்டன. இந்தக் கடல் சோதனை 1994 வரை நீடித்தது. இதற்கு நடுவே குவைத்திலிருந்தும் மற்ற வளைகுடா நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வேலையை இழந்து ஜோர்டானுக்குத் திரும்பினார்கள். மொத்த மக்கள்தொகையே அப்போது 35 லட்சத்தைத் தாண்டாத நாடு அது. அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்றது, அவர்களுக்கு வீடும் பள்ளியும் தேவைப்பட்டன. 1989-லேயே கடன் நெருக்கடியில் சிக்கி ஐ.எம்.எஃப். கதவைத் தட்டியிருந்த நாடு, இந்த அடியையும் வாங்கிக்கொண்டது.

50-வது பிரிவின் கீழ் உதவி கேட்டு ஜோர்டானோடு சேர்த்து 21 நாடுகள் மனுக் கொடுத்தன. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, இலங்கையும் இருந்தது. இலங்கைத் தேயிலைக்கு ஈராக் ஒரு முக்கியமான வாடிக்கையாளர். இந்தியா குவைத்திலிருந்து 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வரை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணெய் விலை ஏறியதும், வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்ததும், 1991-ல் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்ததற்கான காரணங்களில் அடக்கம். இன்னொரு விசித்திரம், 1990-ல் மனுக் கொடுத்த 21 பேரில் யூகோஸ்லாவியாவும் ஒன்று. இரண்டே வருடத்தில் தடைக்கு ஆளாகி, தன் அண்டை நாடுகளை மனுக் கொடுக்க வைத்தது!

இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையை 669-வது தீர்மானம் தடைக் குழுவிடம் ஒப்படைத்தது. குழு பரிசீலித்தது, பரிந்துரைத்தது, உதவும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டது. ஆனால் குழுவிடம் பணப்பெட்டி இல்லை. பணப்பெட்டி வேறு இடத்தில் இருந்தது. அமெரிக்காவின் முன்முயற்சியில் பணக்கார நாடுகள் சேர்ந்து ஒரு நிதி ஒருங்கிணைப்புக் குழு அமைத்தன. அதில் பெரிய பங்கு எகிப்துக்கும் துருக்கிக்கும் போனது. இரண்டும் 21 பேர் பட்டியலிலேயே இல்லாத நாடுகள். இரண்டும் ஈராக்குக்கு எதிரான அணியில் நின்ற நாடுகள். எகிப்தின் ராணுவக் கடனில் ஏறத்தாழ 700 கோடி டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. துருக்கிக்கும் நட்டம் உண்மைதான், ஈராக் எண்ணெய்க் குழாயை மூடியதில் அது நிறைய இழந்தது. ஆனால் மன்னர் ஹுசேன் நடுவில் நின்று சமரசம் பேசியதால் ஜோர்டானுக்குச் சவூதி அரேபியா எண்ணெயை நிறுத்தியது, வளைகுடா நாடுகளின் உதவியும் நின்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

ஆக, கொடுக்கப்பட்டது நட்டத்துக்கு ஈடு என்பதைவிட நட்புக்குப் பரிசு என்பதே பொருந்தும்.

பின்னால் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து இழப்பீடு கொடுக்க ஐ.நா. ஒரு ஆணையம் அமைத்தது. 2022 ஜனவரி வரை அது 5,240 கோடி டாலர் கொடுத்து முடித்தது. ஆனால் படையெடுப்பால் வந்த நட்டத்துக்குத்தான் அங்கே ஈடு உண்டு. வணிகத் தடையால் மட்டும் வந்த நட்டத்துக்குக் கிடையாது என்று ஆணையம் விதி வகுத்தது. அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம், தடை போட்டது ஈராக் இல்லையே! ஆனால் தடை போட்டவர்களும் கொடுக்கவில்லை என்றால் அந்தத் தொகையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஓட்டை எங்கே விழுகிறது?

உதவி செய்யாவிட்டால் பாதிக்கப்படுவது அண்டை நாடு மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. தடையே ஓட்டையாகிறது. 1991-ல் ஜோர்டான் ஈராக்கிலிருந்து மறுபடி எண்ணெய் வாங்கத் தொடங்கியது. ஈராக் தனக்குத் தரவேண்டிய கடனில் கழித்துக்கொள்வதாகச் சொன்னது. தடைக் குழு அதை அனுமதிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. 'கவனத்தில் எடுத்துக்கொண்டது'. வேறென்ன செய்ய முடியும்? மாற்று எண்ணெய் கொடுக்க யாரும் இல்லாதபோது வாங்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

1992 மே மாதம் யூகோஸ்லாவியா மீது 757-வது தீர்மானம் வந்தபோதும் இதே கதைதான். பல்கேரியாவும் ருமேனியாவும் அப்போதுதான் பழைய பொருளாதார முறையிலிருந்து வெளியே வந்து தடுமாறிக்கொண்டிருந்தன. டான்யூப் நதிப் போக்குவரத்தும் மேற்கு ஐரோப்பாவுக்கான சாலைகளும் தடைபட்டன. மாசிடோனியாவுக்கு வடக்கு வழி அடைபட்டது. 1994-ல் கிரீஸ் வேறு தன் பங்குக்குத் தெற்கு வழியை அடைத்தது. எல்லை நெடுக பெட்ரோல் கடத்தல் பெருகியது. நேர்மையாக வியாபாரம் செய்தவன் கடையை மூடினான். கடத்தியவன் பணக்காரனானான். தடை முடிந்த பிறகும் அந்தக் கடத்தல் பணமும் அது வளர்த்த கும்பல்களும் அந்த நாடுகளை விட்டுப் போகவில்லை.

கப்பல்காரர்கள் கண்ட வழி

இதற்கு வழியே இல்லையா? வணிகவியல் படிப்பவர்கள் கடல் காப்பீட்டுப் பாடத்தில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று ஒன்றைப் படித்திருப்பார்கள். பலர் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துமிருப்பார்கள். புயலில் கப்பல் மூழ்கப் போகிறது. பாரம் குறைக்கக் கேப்டன் ஒருவருடைய சரக்கைக் கடலில் தள்ளுகிறார். கப்பலும் மற்றவர்கள் சரக்கும் தப்புகின்றன. அப்போது தள்ளப்பட்ட சரக்கின் நட்டத்தை அந்த ஒருவர் தலையில் கட்டுவதில்லை. பிழைத்த சரக்குக்காரர்களும் கப்பல் உரிமையாளரும் அவரவர் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். இது கருணை அல்ல, கடமை. பழைய ரோட்ஸ் தீவின் கடல் சட்டத்திலிருந்து வந்த இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021-ல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கும் இதைத்தான் அறிவித்தார்கள்.

எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் ஒரு நாட்டின் வணிகம் கடலில் தள்ளப்படும்போது அதே கணக்கு ஏன் பொருந்தாது?

நட்டத்தை எப்படி அளப்பது, அண்டை நாடு கூட்டிச் சொல்லாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தடைக்கு முன்பே சீரழிந்திருந்த பொருளாதாரம், எண்ணெய் விலை, ஆட்சியாளர்களின் தவறு எல்லாம் அந்த நட்டத்தில் கலந்துதான் இருக்கும். ஆனால் கப்பல் விஷயத்திலும் சரக்குக்காரர் கூட்டித்தான் சொல்வார். அதற்காகக் கணக்கைக் கைவிடவில்லை, மதிப்பிடுவதற்கென்றே ஒரு தொழிலை உருவாக்கினார்கள். பங்கு பிரிப்பதற்கும் ஐ.நா.விடம் வழி இருக்கிறது. அமைதிப் படையின் செலவை உறுப்பு நாடுகளுக்கு விகிதம் போட்டுத்தான் வசூலிக்கிறார்கள். சிப்பாயின் சம்பளம் பொதுச் செலவு என்றால், தடையைக் காப்பாற்றும் அண்டை நாட்டின் நட்டம் மட்டும் எப்படித் தனிச் செலவாகும்?

1995 ஜனவரியில் பொதுச் செயலாளர் புத்ரோஸ் காலி இந்தக் குறையை வெளிப்படையாக எழுதினார். தடை போடும் முன்பே அதன் விளைவை மதிப்பிடவும், பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவி கிடைக்கச் செய்யவும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார். சர்வதேச நிதி நிறுவனங்களின் தலைவர்களையும் கேட்டுப் பார்த்தார். பாதிப்பை ஒப்புக்கொண்டார்கள், உதவவும் தயார் என்றார்கள். ஆனால் தனி ஏற்பாடு தேவையில்லை, இருக்கும் திட்டங்களின் கீழேயே செய்யலாம் என்றார்கள். இருக்கும் திட்டங்கள் என்றால் பெரும்பாலும் கடன்தான்.

அதன் பிறகு ஐ.நா. முழுத் தடைகளைக் குறைத்துக்கொண்டு, தலைவர்களின் சொத்தை முடக்குவது, ஆயுதத்தைத் தடுப்பது போன்ற குறிவைத்த தடைகளுக்கு மாறியது. அண்டை நாடுகளுக்கு அது நிம்மதிதான். ஆனால் 50-வது பிரிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நாளை இன்னொரு பெரிய தடை வந்தால், இன்னொரு அகாபா மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான்.

பொருளாதாரத் தடை செலவில்லாத ஆயுதம் என்று சொல்வார்கள். போருக்கு ஆகும் செலவு இல்லை என்பது அதற்குக் காரணம். ஆனால் கணக்குப் பாடத்தில் முதல் நாளே சொல்லித் தருவது, ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று உண்டு என்பது. செலவில்லை என்றால், வேறு யாருடைய புத்தகத்திலோ எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சங்கத்தில் கை தூக்கும் முன் டீக்கடைக்காரரின் கல்லாவையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.