மாடு மேயும் மலைக்கு வருஷம் முழுக்க விருந்தாளி

பண்ணைச் சுற்றுலா கைகொடுக்குமா என்று கேட்கும் வாசகர்கள், ஆஸ்திரியா நாட்டின் ‘செல் ஆம் ஸே’ என்ற ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் இது. 1875-ல் ரயில் வந்தது. இன்று பன்னிரண்டு மாதமும் பயணிகள் வருகிறார்கள். கோடையில் ஏரிக் குளியல், படகு, மலைநடை. குளிர்காலத்தில் 1,965 மீட்டர் உயர ஷ்மிட்டன் மலையில் பனிச்சறுக்கு.

நாம் கவனிக்க வேண்டியது அந்த மலைச்சரிவை. பனியில் சறுக்கும் இடங்கள் பலவும் கோடையில் மேய்ச்சல் நிலங்கள். இந்த வட்டாரத்தின் சொந்த இனமான பின்ஸ்கவர் மாடுகளுக்குச் செம்பழுப்பு உடம்பு, முதுகு நெடுக வெள்ளைப்பட்டை. கோடையில் மலையேறி மேய்ந்து, குளிருக்கு முன் கொட்டகைக்குத் திரும்பும். கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் குளிர்காலத் தீவனம். மேய்ச்சலும் அறுப்பும் நின்றால் புல்வெளியில் புதர் மண்டி, பிறகு காடாகிவிடும்.

சிறு பண்ணைக்குப் பால் பணம் மட்டும் போதாது. அதனால் பலர் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஆனாலும் கறவையை விடவில்லை. விருந்தாளி தேடி வருவதே அந்தப் பச்சையையும் மாட்டையும்தான். மாட்டை விற்று அறை கட்ட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.