விரிசலும் தேய்வும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் யாவரும் அறிந்த குறை ஒன்றுண்டு. அது ஸ்டியரிங் சக்கரத்தில் தோன்றும் விரிசல். எம் இல்லத்து அம்பாசடர் வண்டி 1964-ஆம் ஆண்டில் வங்கத்து உத்தரபாராவில் செய்யப்பெற்றது. எந்தையார் அதனை முப்பத்தைந்து ஆண்டுகள் ஓட்டினார். அவர் மறைந்தபின் அது எம்மிடம் வந்தபோது, சக்கரத்தில் ஏழு விரிசல்கள் இருந்தன. வேறொன்று வாங்கி மாட்டுமாறு நண்பர் பலர் கூறினர். அவர் கை பழகிய பொருளைக் கழித்துவிட எமக்கு மனம் இசையவில்லை.

விரிசலின் காரணம் எளிது. உள்ளே எஃகு வளையம். அதன்மேல் வார்க்கப்பெற்றது கடினமான பிளாஸ்டிக். வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்டிக் எஃகினும் பன்மடங்கு விரிந்து சுருங்கும். அன்றியும், ஆண்டுகள் செல்லச் செல்ல அது நெகிழ்ச்சி இழந்து குறுகும், எஃகோ குறுகுவதில்லை. அவ்விழுப்பைத் தாங்கவொண்ணாது மேலுறை பிளக்கின்றது.

பட்டறைப் பெரியவர் ஒருவரை அணுகி முறை வினவினோம். "தம்பி, மேலே பூசி மறைத்தால் ஆறு மாதந்தான் நிற்கும். உள்ளே எஃகு தெரியுமட்டும் விரிசலைத் திறந்து பாருங்கள்" என்றார்.

அவ்வாறே, பாட்டரி இணைப்பை நீக்கி, அச்சிலும் சக்கரத்திலும் நேர்க்குறி இட்டு, நடு நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தோம். ஒவ்வொரு விரிசலையும் முப்பட்டை அரத்தால் மேலகன்று கீழொடுங்கிய பள்ளமாக்கினோம். எஃகு அரிக்கப்பட்டு இளைத்திருப்பின் அச்சக்கரத்தை மீண்டும் மாட்டலாகாது; ஓட்டுவோர் உயிர் அதனையன்றோ பற்றியிருக்கின்றது! நல்வினைப் பயனாய்த் துரு மேலோட்டமாகவே இருந்தது. அதனைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, எம்-சீல் பட்டியின் இரு கூறுகளையும் சமமாகப் பிசைந்து, மட்டத்திற்குச் சற்றே உயர அடைத்தோம். ஒரு நாள் இறுகவிட்டு, அரத்தால் ராவி, 80, 180, 320 எண் உப்புத்தாள்களால் முறையே தேய்த்து, இறுதியில் 600 எண் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தோம்.

அப்போது ஓர் ஐயம் எழுந்தது. வளையத்தின் வலப்பக்கத்தில் ஓரிடம் தேய்ந்து மெலிந்திருந்தது. இடக்கை கியர் மாற்றுகையில் எந்தையாரின் வலக்கை பற்றியிருந்த இடம் அது. எஞ்சிய பட்டியால் அதனையும் நிரப்பினால் வளையம் ஒரு சீராகும். ஆயினும் விரிசல் வேறு, தேய்வு வேறு என்று தெளிந்தோம். விரிசல் வலிமையைக் குறைப்பது. அதனை நீக்குதல் கடமை. இத்தேய்வால் எவர்க்கும் இடரில்லை. அஃது ஒருவர் நெடுநாள் உழைத்ததன் சுவடு. ஆகவே அதனைத் தொடாது விட்டு, பிரைமர் பூசி, கறுப்பு வர்ணத்தை மெல்லிதாக மும்முறை பூசி உலரவிட்டோம்.

இப்போது சக்கரத்தில் விரிசல் இருந்த இடம் கண்ணுக்கும் தெரிவதில்லை, கைக்கும் தெரிவதில்லை. எம் மகள் அவ்வண்டியில் ஓட்டப் பயில்கின்றாள். தன் பாட்டனாரை அவள் கண்டதில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் அவள் வலக்கை தானாகவே அத்தேய்ந்த இடத்தைப் பற்றுகின்றது.