டிக்கியில் வைத்த அமானிதம்

 

திருமணம், பெருநாள், விடுமுறை என்று குடும்பத்தோடு காரில் நெடுந்தொலைவு செல்லும்போது, விலைமதிப்புள்ள பொருள்களைப் பின்புறப் பெட்டியாகிய டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எனக்குத் தந்த பாடம் உங்கள் இல்லத்திற்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் திருமணத்திற்காக மதுரையிலிருந்து கீழக்கரைக்குப் புறப்பட்டோம். எங்கள் தெருவில் வசிக்கும், கணவரை இழந்த பெண்மணி ஒருவர், கீழக்கரையில் வாழ்க்கைப்பட்ட தம் மகளிடம் சேர்க்கும்படி 6 பவுன் நகையை ஒரு சிறு பையில் வைத்து என்னிடம் தந்தார்.

“பஸ்ஸில் கொண்டுபோக அச்சமாக இருக்கிறது தம்பி. உங்கள் காரில் என்றால் எனக்கு நிம்மதி” என்றார்.

“கவலைப்படாதீர்கள் லாத்தா. இனி இது என் பொறுப்பு” என்றேன்.

பரமக்குடியை அடைந்தபோது அஸ்ர் நேரமாகியிருந்தது. சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றின் அருகில் காரை நிறுத்தினேன். மனைவியின் மக்கனாவை எடுப்பதற்காக டிக்கியைத் திறந்தேன். நகைப்பை மேலாக இருந்தது. அதனை உள்ளே தள்ளி வைத்து, அதன்மேல் ஒரு போர்வையையும் போர்த்தினேன். எதிரே தேநீர்க் கடையில் நின்றிருந்தவர்களை நான் கவனிக்கவில்லை. அவர்களுள் யாரோ என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

பயணத் தொழுகையாக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத் திரும்பினேன். பத்து நிமிடம்கூட ஆகியிராது. பின்கதவின் சிறிய கண்ணாடி உடைந்து கிடந்தது. டிக்கி திறந்திருந்தது. துணிப்பெட்டிகள் அப்படியே இருந்தன. நகைப்பையை மட்டும் காணவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். நகை இன்றுவரை கிடைக்கவில்லை.

செய்தியறிந்த லாத்தா சற்று நேரம் அழுதார். பிறகு, “அல்லாஹ் நாடியது நடந்துவிட்டது. நீங்கள் வருந்தாதீர்கள் தம்பி” என்றார். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடலாமா என்று என் மனமும் சற்றே ஆசைப்பட்டது. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று விளக்கம் கேட்டேன்.

அவர் கூறினார்: “அமானிதமாகப் பெற்ற பொருள், பெற்றவருடைய கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால் அதனை ஈடு செய்யும் கடமை அவருக்கு இல்லை. ஆனால், அப்படிப்பட்ட பொருளை மக்கள் வழக்கமாக எத்தகைய காப்பிடத்தில் வைப்பார்களோ, அங்கே அதனை வைத்திருக்க வேண்டும். இதற்கு ஃபிக்ஹு நூல்களில் ஹிர்ஸ் என்று பெயர்.” பிறகு என்னை நோக்கி, “நீங்கள் தொழுதுகொண்டிருந்தபோது உங்கள் மனைவியின் நகைகள் எங்கே இருந்தன?” என்று கேட்டார்.

“அவர் கழுத்திலும் கைப்பையிலும் இருந்தன.”

“உங்கள் பணம்?”

“என் சட்டைப்பையில்.”

ஹஜ்ரத் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. என் பொருளுக்கு ஒரு காவல், ஓர் ஏழைப் பெண்ணின் பொருளுக்கு வேறொரு காவல் என்று நான் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. 14 மாதங்களில் அந்த 6 பவுனையும் வாங்கிக் கொடுத்து முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இனி டிக்கியைப் பற்றிச் சொல்கிறேன். திருடன் அதன் சாவித்துளையைத் தொடவே இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் தரையை ஒட்டி ஒரு நெம்புகோல் இருக்கிறதல்லவா? அதிலிருந்து செல்லும் கம்பிதான் டிக்கியின் கொக்கியை விடுவிக்கிறது. கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்தவனுக்கு அதை இழுப்பது எளிது. ஆகவே, இத்தகைய கார்களில் டிக்கியின் வலிமை சன்னல் கண்ணாடியின் வலிமைதான்.

சில கார்களில் அந்த நெம்புகோலிலேயே சிறு பூட்டு இருக்கும். உங்கள் காரில் இருந்தால் தவறாமல் பூட்டுங்கள். பின்னிருக்கையின் சாய்மானம் மடங்கும் வகை எனில், அந்த வழியாகவும் கை நுழையும். அதற்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட் பொத்தானை அழுத்திவிட்டு நடந்துவிடாதீர்கள். அதன் வானொலி அலையைத் தடுக்கும் கருவியைக் கொண்டு, கார் பூட்டாமலே நிற்கும்படி செய்யும் திருட்டு தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் நடந்துள்ளது. கைப்பிடியை இழுத்துப் பார்த்த பின்னரே நகருங்கள். இடமிருந்தால், டிக்கியின் மூடி உயர முடியாதபடி காரின் பின்புறத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள்.

நானோ இவற்றில் நிறைவடையாமல், டிக்கிக்கு வெளியே கொண்டி வைத்துப் பெரிய பூட்டு ஒன்றைப் போட விரும்பினேன். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் என்னைத் தடுத்தார். “பாய், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒளிந்து விளையாடும்போது உள்ளே ஏறிவிட்டால், வெளிப்பூட்டு போட்ட டிக்கியை உள்ளிருந்து யார் திறப்பது?” என்றார்.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. 1998ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் மூன்றே வாரங்களுக்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிகளுக்குள் சிக்கி உயிரிழந்தனர். அதன் பின்னர், 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் டிக்கியுள்ள கார்களில் உள்ளிருந்து திறக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் காரில் அத்தகைய கைப்பிடி இருந்தால், திருடனுக்கு அஞ்சி அதனை அகற்றிவிடாதீர்கள். பொருளைக் காக்கப் போடும் பூட்டு உயிரைப் பறிப்பதாக அமைந்துவிடக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் மேலான காவல் ஒன்றுண்டு. அதற்குச் செலவில்லை. வைக்க வேண்டியதை வீட்டு வாசலிலேயே டிக்கியில் வைத்து மூடிவிடுங்கள். வழியில் பிறர் பார்க்கத் திறக்காதீர்கள். தொழுகைக்குத் தேவையானவற்றை முன்னிருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகையும் கடவுச்சீட்டும் பணமும் டிக்கிக்கு உரியன அல்ல. அவை உங்களுடனேயே இருக்கட்டும்.

இப்படியெல்லாம் பூட்டித் திரிவது தவக்குலுக்கு மாறானதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஒட்டகையைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று வினவிய தோழருக்கு, முதலில் கட்டச் சொல்லி, அதன் பின் நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அன்று நான் இறைவனைத் தொழச் சென்றேன். ஆனால், பிறருடைய ஒட்டகையைக் கட்டாமல் சென்றேன்.

அடுத்தமுறை யாரேனும் உங்களை நம்பி ஒரு பொருளைத் தந்தால், டிக்கியை மூடுவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது என்னுடையதாக இருந்தால் இங்கே வைப்பேனா? நம் கைக்கு வரும் அமானிதங்களைப் பழுதின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.