உப்பும் மிளகும்

கணையத்தில் கட்டி என்றாலே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். என் அத்தைக்கு ஸ்கேனில் அது தெரிந்தபோது, உறவினர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, இழவு வீட்டைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். உயிர்மருத்துவம் படிக்கும் எனக்கோ ஒரே கேள்விதான்: எந்த உயிரணுவில் தொடங்கிய கட்டி?

கணையத்துக்கு இரண்டு வேலைகள். செரிமான நீரைச் சுரந்து குழாய் வழியே குடலுக்கு அனுப்புவது ஒன்று. இன்சுலின் போன்ற இயக்குநீர்களை இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் உயிரணுத் திட்டுகளை 1869இல் தம் ஆய்வேட்டில் விவரித்தவர் பவுல் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட ஒன்று குறைவு, பொறாமையாகத்தான் இருக்கிறது!

கணையப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை குழாய் சார்ந்த கொடிய வகை. இயக்குநீர் சுரக்கும் உயிரணுக்களின் கட்டி அரிது. பெரும்பாலும் மெதுவாக வளர்வது. ஸ்கேன் மட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிடாது. ஆகவே வாய்வழி கருவியைச் செலுத்தி, இரைப்பைச் சுவரைத் துளைத்து, மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்தார்கள்.

அறிக்கையை அத்தைக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழ்ப்பள்ளியோடு என் தமிழ் அறிவியல் முடிந்துவிட்டது. பிறகு எல்லாம் மலாயும் ஆங்கிலமும். நல்ல வேளை, நோயியல் நிபுணர்களே சமையற்கட்டுச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

“அத்தை, கொடிய வகையில உட்கரு பெருசும் சிறுசுமா கோணல்மாணலா இருக்கும். உங்களுக்கு எல்லாம் ஒரே அளவு, வட்டமா இருக்கு. உள்ளே உப்பும் மிளகும் தூவின மாதிரி.”

“அரைவேக்காட்டு முட்டையில தூவுவோமே, அப்படியாம்மா?”

ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் வேறோர் அரிய கட்டியும் ஊசி மாதிரியில் இதைப் போலவே ஏமாற்றும். அதனால் சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்னும் புரதங்களைத் தேடிச் சாயமிடுகிறார்கள். இருந்தால் பழுப்பு நிறம் காட்டும். கேஐ-67 என்னும் சாயம், பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களைக் காட்டும். நூற்றுக்கு 3க்குக் குறைவென்றால் முதல் தரம். அத்தைக்கு 2.

“மெதுவா வளர்றதுதானே, கொஞ்ச நாள் நாட்டு மருந்து பார்ப்போமே” என்றார் மாமா. நான் பயந்தது இதற்குத்தான். 2003இல் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கண்டறியப்பட்டதும் இந்த வகையே. அறுவைச் சிகிச்சையை ஏறத்தாழ 9 மாதங்கள் தள்ளிப்போட்டார், 2011இல் இறந்தார். தாமதம்தான் காரணமா என்று எவராலும் அறுதியிட முடியாது. ஆனால் மெதுவாக வளரும் கட்டியும் கல்லீரலுக்குப் பரவும் என்பதை மாமாவிடம் மூன்று இரவுகள் சொல்ல வேண்டியிருந்தது.

நான்காம் நாள் அத்தையே மருத்துவமனைக்குப் போன் செய்து தேதி வாங்கிவிட்டார். மாமாவிடம் பிறகுதான் சொன்னார்.