ஹெர்ட்ஸ் கணக்கு

மானிட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது ஹெர்ட்ஸ். விளையாடுபவர் பார்க்க வேண்டியது மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றும். 144 என்றால் 6.9, 240 என்றால் 4.2, 360 என்றால் 2.8. கழித்துப் பார்த்தால் போதும். 60-லிருந்து 144-க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் லாபம். 240-லிருந்து 360-க்குப் போனால் ஒன்றரைகூடத் தேறாது. விலை மட்டும் எகிறிக்கொண்டே போகும்.

*

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கத்தியோடு ஓடுபவரின் வேகம் நொடிக்கு 250 யூனிட். ஆளுக்கு ஆட்டம் ஒதுக்கும் அகலம் 32 யூனிட். மூலையிலிருந்து ஒருவர் அந்த வேகத்தில் பாய்ந்தால், 60 ஹெர்ட்ஸில் ஃப்ரேமுக்கு நாலு யூனிட்டுக்கு மேல் தாவுவார். 240-ல் ஒவ்வொரு யூனிட்டாக நகர்வார். தலையைக் குறிவைத்துத் தொடர்ந்து இழுப்பது இரண்டாவதில்தான் சுலபம்.

*

‘கண்ணுக்கு 24 ஃப்ரேமுக்கு மேல் தெரியாது’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. சினிமா 24-ல் ஓடுவது நிஜம்தான். ஆனால் கேமரா ஷட்டர் திறந்திருக்கும் நேரத்து அசைவு முழுவதும் அந்த ஃப்ரேமில் கலங்கலாகப் பதிந்திருக்கும். போதாக்குறைக்கு ஃபிலிம் புரொஜக்டர் ஒரே ஃப்ரேமை இரண்டு மூன்று தடவை மின்ன விடும். கேமில் அந்தச் சலுகையெல்லாம் பெரும்பாலும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் டெஸ்க்டாப்பில் மவுஸை வேகமாக வட்டம் சுற்றிப் பாருங்கள். 60-ல் அம்புக்குறிகள் இடைவெளி விட்டு, எண்ணிவிடலாம் போலத் தெரியும். 144-க்கு மாற்றி அதே வேகத்தில் சுற்றினால் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடையில் நின்றபடியே செய்து பார்க்கக்கூடிய சோதனை.

*

‘1 எம்எஸ்’ என்ற ஸ்டிக்கரை அப்படியே நம்ப வேண்டாம். ஜிடிஜி என்று போட்டிருந்தால், பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுத்த நேரம். அதுவும் பெரும்பாலும் பிக்சலை விரட்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த எண். அந்த உச்சத்தில் விளையாடினால், ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழலொன்று ஒட்டிக்கொண்டே வரும். ஒரு படி இறக்கி வைப்பதுதான் நல்லது. எம்பிஆர்டி என்று போட்டிருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்த எண்ணாகவே இருக்கும். அந்த வசதியை ஆன் செய்தால் திரை மங்கும்.

*

பேனல்கள். டிஎன்: வேகம் உண்டு, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்: பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். விஏ: கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் விலை குறைந்தவற்றில், இருட்டான மேப்பில் திரும்பும்போது நிழல்கள் மை ஈஷியதுபோல் இழுபடும். எதிரி ஒளிந்திருப்பதும் அங்கேதான். ஓலெட்: பிக்சல் மாறும் வேகத்தில் மற்ற மூன்றும் கிட்டே வர முடியாது. மினிமேப், ஸ்கோர் போல நகராமல் நிற்பவை நாளடைவில் திரையில் தடம் பதிக்கலாம் என்பது அதன் கவலை.

*

கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டி மேடைகளில் நெடுங்காலமாக இருப்பது 24 அங்குலச் சொச்சம், 1080பி. பணமில்லாமல் அல்ல. கிட்டே உட்கார்ந்தாலும் மொத்தத் திரையும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். 27 அங்குலம், 1440பி என்று போனால் பிக்சல்கள் 78 சதவீதம் அதிகம். கிராஃபிக்ஸ் கார்டுதான் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்.

*

240 ஹெர்ட்ஸ் திரைக்கு, நொடிக்கு 240 ஃப்ரேம் போடும் கம்ப்யூட்டர் வேண்டும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற ஆட்டங்களில் செட்டிங்ஸைக் குறைத்து ஆடினால் பெரும்பாலும் மூச்சு வாங்குவது ப்ராசஸர். சராசரி எஃப்பிஎஸ்ஸைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஸ்மோக் விழுந்து, நாலு பேர் ஒரே சமயத்தில் சுடும் நொடியில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு ஏற்ற மானிட்டர் போதும். ஏற்ற இறக்கம் அதிகமென்றால் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் உதவும். வி-சிங்க் தாமதத்தைக் கூட்டும். போட்டி ஆட்டத்தில் அது ஆஃப்.

*

புதிய மானிட்டரை மாட்டியதும்:
கேபிளைச் செருகுவது கிராஃபிக்ஸ் கார்டில், மதர்போர்டில் அல்ல.
முடிந்தவரை டிஸ்ப்ளேபோர்ட். பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பி-யில் 120-தான் வழக்கமான எல்லை.
விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போய் ஹெர்ட்ஸை மாற்ற வேண்டும். பல நேரம் அது 60-லேயே நிற்கும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் ஆடி, ‘பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே’ என்பவர்கள் நிறைய.

*

தம்பி ஒருவன் 360 வாங்கலாமா என்று கேட்டான். பிங் எவ்வளவு என்று கேட்டேன். எண்பது, சில சமயம் நூறு. வைஃபை. முதலில் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழு, 144 அல்லது 165-ல் நல்ல ஐபிஎஸ் ஒன்று வாங்கு, மிச்சத்தை ப்ராசஸருக்கு எடுத்து வை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கேபிளுக்குப் பெட்டியில் கொட்டை எழுத்து கிடையாதே.