மாமல்லபுரத்தில் ஒரு லீவு நாள்

மே மாத லீவில் கோடம்பாக்கம் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் சறுக்கிச் சறுக்கி இரண்டு கால்சட்டைகள் கிழிந்தன. கடற்கரைக் கோயிலில் பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. மிஞ்சிய காசு ஐஸுக்குப் போயிற்று.

மணலில் பாசிமணி விற்ற நரிக்குறவர் சிறுமிக்கும் இவர்கள் வயதுதான்.

"உனக்கு லீவு இல்லையா?"

"லீவுலதான கூட்டம் வரும்!"

தோழர்களே, 2021-இல் இதே ஊர்க் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவர் பெண் ஒருவரைப் பந்தியில் உட்கார விடாமல் விரட்டினார்கள். பந்தியில் சாதி பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? அவர் பேசினார், ஊரே கேட்டது. அந்தத் தீபாவளியன்று முதல்வர் பூஞ்சேரிக்கே வந்து பட்டா கொடுத்தார். 2023-இல் நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில், "அவ அந்தப் பாறையில சறுக்கியிருப்பாளா?" என்றாள் ஒருத்தி. நாங்கள் அதைக் கேட்காமலே வந்திருந்தோம்.