ஹால் மூலையில் ஒரு குட்டிக் குளம்

100 லிட்டர் கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு டப் நிறைய ஜல்லி, நடுவே சின்ன மோட்டார். மீன் தண்ணீர் மேலேறும், ஜல்லியில் நட்ட செடிகளின் வேர் வழியாக வடிந்து கீழே விழும். அக்வாபோனிக்ஸ் இவ்வளவுதானே என்று கடையிலிருந்து 6 தங்கமீன்களோடு வந்துவிட்டேன். ஒரே வாரத்தில் 4 மிதந்தன.

தப்பு என் அவசரம். மீன் விடும் அம்மோனியா மீனுக்கே விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரேட்டாக்கிய பிறகே செடிக்குச் சாப்பாடு. இந்தக் கூட்டம் ஜல்லியில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதையும் கொல்லும். ஜல்லியில் சுண்ணாம்பு இருந்தால் காரத்தன்மை ஏறும். வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"மீன் கழுவின தண்ணியை ரோஜாவுக்கு ஊத்துன்னா பழைய பஞ்சாங்கம். அதையே மோட்டார் வச்சு செஞ்சா விஞ்ஞானமாடா?" என்றார் அம்மா. பதில் இல்லை என்னிடம்.

மூன்று மாதம் ஆயிற்று. எல்இடி வெளிச்சத்தில் புதினா தழைத்திருக்கிறது. தக்காளிதான் பூத்துப் பூத்து உதிர்கிறது. நேற்று ராத்திரி கரண்ட் போனதும் விசிறியைத் தேடாமல் பேட்டரி ஏர் பம்ப்பைத் தேடி ஓடினேன்.